தேநீரையும் சிகரெட்டையும் பிரித்த கதை

மதுரை விளக்குத்தூண் அருகே ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சிகரெட்டை விட வேண்டும் என்று மருத்துவரிடம் போனபோது, ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்பதற்கு முன்பே, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்டைப் பற்ற வைப்பீர்கள் என்று கேட்டார். அரைமணி நேரத்துக்குள் என்றேன். அடிமைப்பட்டிருப்பதன் ஆழம் அதில்தான் தெரியும் என்றார். புகையிலையில் அடிமைப்படுத்தும் பொருளான நிகோட்டின், உள்ளிழுத்த சில விநாடிகளில் மூளையை எட்டுகிறது. ஏறத்தாழ 2 மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடுகிறது. இரவெல்லாம் அது கிடைக்காத உடல் விடிந்ததும் கேட்பதை மனவுறுதிக் குறைவு என்று ஏசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

4 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம் எழுதிக் கொடுத்து, அதை மெல்லும் விதத்தையும் பொறுமையாக விளக்கினார். சுருக்கென்ற காரம் தெரியும் வரை மென்று, உடனே நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கிய பிறகே மறுபடி மெல்ல வேண்டும். விடாமல் மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். தேநீரோ காபியோ குடித்தால் கால்மணி நேரமாவது கழித்துத்தான் அதை வாயில் போட வேண்டும். வாயில் அமிலத்தன்மை இருந்தால் நிகோட்டின் சரியாக உறிஞ்சப்படாது.

எனக்குக் கடினமாக இருந்தது இந்த இடம்தான். எங்கள் தெருவில் தேநீரும் சிகரெட்டும் ஒரே மூச்சில் கேட்கப்படுபவை. ஒரு கையில் கண்ணாடி டம்ளர் சுட, மறு கையால் கடைத் தூணில் தொங்கும் கயிற்றின் கனன்ற நுனியை எடுத்துப் பற்ற வைப்பதுதான் எங்கள் பதினொரு மணி. ஆகவே தேநீரை ஜவுளிக்கடைக்கே வரவழைத்து, மேசையில் வைத்துக் குடிக்கத் தொடங்கினேன். அளவையும் பாதியாக்கினேன், புகைப்பதை விட்டவர்களின் உடலில், தேநீரில் உள்ள காஃபீன் முன்பைவிட மெதுவாகவே சிதைவதால், பழைய அளவே படபடப்பைத் தரக்கூடும்.

முதல் மூன்று நாட்கள் மிகக் கொடுமையானவை. உறக்கமில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல், கூட்டலில் மனம் நிற்கவில்லை. அதன் பிறகு ஏக்கம் அலையலையாக வந்தது. சில நிமிடங்கள் தாக்குப்பிடித்தால் தணிந்தது. மாதங்கள் கழித்து ஒரு கல்யாண வீட்டில், "ஒண்ணே ஒண்ணுதானே மாப்ள" என்று மச்சான் பெட்டியை நீட்டியபோது, பந்திக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சிகரெட் பெட்டிமீதே அச்சிட்டிருக்கும், புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம். மச்சானிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் அழைக்கவில்லை.