டெய்ர் அல் பலாஹ்வில் சொட்டு மருந்து

போலியோ சொட்டு மருந்து வேலையில் முதலில் கையில் எடுப்பது மைக்ரோபிளான். எந்தத் தெரு, எத்தனை வீடு, வீட்டுக்கு எத்தனை குழந்தை, எந்த பூத்துக்கு எத்தனை குப்பி என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். இந்தியாவில் போலியோ ஒழிப்பின் கடைசி வருடங்களில் இதைப் போட்டுப் போட்டே கை பழகியது. 2024 ஆகஸ்ட் கடைசியில் காசாவுக்குள் போனபோது அந்தப் பழக்கம் பாதிதான் உதவியது. வரைபடத்தில் தெருவின் பெயர் இருக்கும், போய்ப் பார்த்தால் தெரு இருக்காது. காலையில் கூடாரங்கள் நெருக்கியடித்த இடம், வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தால் மாலைக்குள் காலியாகிவிடும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போருக்கு முன் காசாவில் போலியோ தடுப்பு மருந்து கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. நம் ஊரில் ஒரு காலத்தில் தாய்மார்களிடம் கெஞ்சிக் கொண்டிருந்தோமே, அந்த வேலையே அங்கே தேவைப்பட்டதில்லை. கெட்டுப்போனது தண்ணீர்தான். எரிபொருள் இல்லாமல் கழிவுநீர் நிலையங்கள் நின்றன. சாக்கடை கூடாரங்களுக்கு நடுவே ஓடியது. ஜூலையில் கான் யூனிஸ், டெய்ர் அல் பலாஹ் பகுதிக் கழிவுநீரில் போலியோ வைரஸ் இருப்பது தெரிந்தது. ஆகஸ்டில் 10 மாதக் குழந்தை ஒன்றுக்குக் கால் செயலிழந்தது உறுதியானது. காசாவில் 25 வருடத்துக்குப் பிறகு முதல் போலியோ. மருந்து போட வேண்டிய மாதங்களில் அந்தக் குடும்பம் இடம் மாறி இடம் மாறி ஓடிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 1 அன்று டெய்ர் அல் பலாஹ்வில் தொடங்குவதாக ஏற்பாடு. சொட்டு மருந்து முகாம் நடக்கும் பகுதியில் மட்டும் காலை 6 முதல் மதியம் 3 வரை சண்டையை நிறுத்தி வைப்பார்கள். பத்து வயதுக்குட்பட்ட ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள், ஆளுக்கு இரண்டு சொட்டு. போடப்போகிறவர்கள் உள்ளூர்ச் செவிலியர்கள், சுகாதாரப் பணியாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் கூடாரத்திலிருந்துதான் வேலைக்கு வந்தார்கள்.

எங்கள் குழுவின் மூத்த செவிலியர் என்னை ‘டாக்டர்’ என்றே அழைப்பார். நான் டாக்டர் இல்லை, மருந்துப் பெட்டியைக் குளிரில் வைத்திருக்கும் ஆள் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பயிற்சி நாளில் அவர் கேள்வித்தாளிலிருந்து ஒரு கேள்வியை நீக்கச் சொன்னார். “உங்களுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைகள்?” விட்டுப்போன குழந்தையைக் கண்டுபிடிக்க எல்லா நாட்டிலும் நாங்கள் கேட்கும் கேள்வி அது.

“இங்கே வேண்டாம், டாக்டர். எண்ணிக்கொண்டே வருவார்கள், நடுவில் நின்றுவிடுவார்கள். வரிசையும் நின்றுவிடும்.”

அதற்குப் பதில் “கூடாரத்தில் இன்னும் யாராவது தூங்குகிறார்களா?” என்று கேட்கலாம் என்றார். எங்களுக்கு வேண்டிய பதில் அதிலேயே கிடைத்துவிடும். நான் பார்த்த கேள்வித்தாள் திருத்தங்களிலேயே சிறந்தது அதுதான். தலைமையகத்தில் மாதக்கணக்கில் கூட்டம் போட்டாலும் எங்களுக்குத் தோன்றியிருக்காது. அங்கே தாயை மூத்த மகன் பெயரோடு சேர்த்துத்தான் அழைப்பார்கள். அந்தச் செவிலியரையும் அப்படித்தான் அழைத்தார்கள். அந்த மகன் முந்தைய குளிர்காலத்தில் இறந்துவிட்டான் என்று வேறொருவர் சொல்லித்தான் தெரியும். அவர் என்னிடம் பேசியது வரிசையைப் பற்றி மட்டும்.

முதல் நாள் விடிந்ததும் கூட்டம். ஒரு கேன் தண்ணீருக்காக லாரியின் பின்னால் மணிக்கணக்கில் நிற்க வேண்டிய இடத்தில், பிள்ளைகளுக்கு முகம் கழுவித் தலை வாரிக் கூட்டி வந்திருந்தார்கள். சில பெண் குழந்தைகளுக்கு ரிப்பன்கூட இருந்தது. கூட்டி வந்தவர்கள் எல்லோரும் அம்மாக்கள் இல்லை. பாட்டி, சித்தப்பா, பக்கத்துக் கூடாரத்துக்காரர். ஒருவர் தன் பிள்ளைகள் இரண்டு பேரோடு இன்னும் நான்கு பேரைச் சேர்த்துக் கூட்டி வந்தார். யார் பிள்ளைகள் என்று யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பெண், இடுப்பில் ஒன்றும் கையில் இரண்டுமாக வந்தாள். மூன்று பேருக்கும் சொட்டு விட்டு, சுண்டு விரலில் மை வைத்தாயிற்று. அவள் நகரவில்லை, தன் விரலையும் நீட்டினாள். வயது தாண்டிவிட்டது, மருந்து கிடையாது. செவிலியர் மருந்து தரவில்லை, ஆனால் விரலில் மை வைத்தார். மருந்து போட்ட குழந்தைகளை எண்ணும் டேலி ஷீட்டில் கோடு போடவில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

என் வேலை ஐஸ் பேக். ஜெனரேட்டரில் இரவெல்லாம் உறையவைத்து, விடியும் முன் கேரியர்களில் அடுக்கி அனுப்புவோம். குப்பியின் மேல் வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சூடு பட்டால் அது கறுத்துக்கொண்டே வரும், வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். செப்டம்பர் வெயிலில் நாள் முழுக்க அந்தச் சதுரத்தின் மேலேயே என் கண். மூன்று மணிக்கு மேல், மருந்து தீர்ந்த பெட்டிகளின் ஐஸ் பேக்குகளைப் பையன்கள் மொய்த்துக்கொள்வார்கள். கன்னத்தில் வைத்துக்கொள்வார்கள், சட்டைக்குள் போட்டுக்கொண்டு கத்துவார்கள். எல்லாம் திரும்பி வந்துவிடும், ஒன்றுகூடக் குறைந்ததில்லை. குறைந்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

பூத்துக்கு எதிரே ஒருவர் சோலார் தகடு வைத்து, காசு வாங்கிக்கொண்டு போன் சார்ஜ் செய்து கொடுப்பார். அவருக்கு அதுதான் பிழைப்பு. எங்கள் பணியாளர்களிடம் மட்டும் வாங்கவில்லை. வற்புறுத்தியபோது கோபித்துக்கொண்டார். அவர் கோபத்தைப் பார்த்த பிறகு, ‘உதவி செய்யப் போனவர்கள்’ என்று எங்களைப் பற்றி எழுதுவதைப் படித்தால் கொஞ்சம் கூசுகிறது. நாங்கள் பெட்டிகளை எல்லை தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தோம். முகாமை நடத்தியது அவர்கள்தான்.

முதல் சுற்றில் ஏறக்குறைய 5,60,000 குழந்தைகளுக்கு மருந்து போய்ச் சேர்ந்தது. இரண்டாம் சுற்று அக்டோபர் 14 அன்று தொடங்கியது. வடக்கில் குண்டுவீச்சு கடுமையானதால் அங்கே மட்டும் நவம்பருக்குத் தள்ளிப்போனது. அதற்கு முன்பே அந்தச் செவிலியர் தேவைப் பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தார். எல்லாம் முதல் சுற்றின் அளவுதான், மை பேனா மட்டும் இரண்டு மடங்கு. ஏன் என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. வெயிலில் மை காய்ந்துவிடுகிறது என்று பதில் எழுதி அனுப்பினேன்.