கரை மண்ணைத் தோண்ட வந்தபோது ஊர் கேட்ட கேள்விகள்

அம்பாறை மாவட்டக் கரையோரத்துப் பிரதேச செயலகம் ஒன்றில் நான் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்த காலத்தில்தான் கடற்கரை மண்ணில் இருந்து இல்மனைட் என்ற கனிமத்தைத் தோண்டும் விவகாரம் எங்கள் மேசைக்கு வந்தது. திருக்கோவிலிலும் மட்டக்களப்பில் வாகரைப் பக்கமும் இதே பிரச்சினைக்காகச் சனம் றோட்டில் இறங்கியதைப் பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள். 'அபிவிருத்தியை எதிர்க்கிறார்கள்' என்று யாராவது இவர்களைப் பற்றிச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. கூட்டங்களில் குறிப்பெடுத்தவள் நான். என்ன கேட்டார்கள், அதற்கு என்ன பதில் கிடைத்தது என்பதை நேரே கண்டவள்.

எங்கள் கடற்கரையில் அலை வாங்கிப் போன இடத்தில் கறுப்பு மண் வரி வரியாகக் கிடக்கும். சின்னப்பிள்ளைகள் அதை அள்ளி விளையாடுவார்கள், வெயில் நேரத்தில் கால் வைக்க முடியாத சூடு. அதில் இருப்பதுதான் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் போன்ற பாரமான கனிமங்கள். இல்மனைட்டில் இருந்து எடுக்கும் டைட்டேனியம் டயொக்சைட்தான் பெயின்டுக்கும் பற்பசைக்கும் வெள்ளை நிறம் கொடுப்பது. திருகோணமலையில் புல்மோட்டைக் கரையில் அரசாங்கம் பல பத்தாண்டுகளாகவே இதைத் தோண்டி வருகிறது. ஆகவே எங்கள் ஆட்களுக்கு இது புதுச் சங்கதி இல்லை. புல்மோட்டையில் சொந்தக்காரர் உள்ளவர்கள்கூட அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

பொதுமண்டபத்தில் நடந்த கூட்டத்தில் கம்பனி சார்பில் வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது, "இது ஆய்வு மட்டும்தான்" என்பதே. குழாயை மண்ணுக்குள் இறக்கி, மாதிரி எடுத்து, பையில் போட்டு இலக்கம் எழுதிக் கொண்டுபோவோம், அவ்வளவுதான் என்றார்கள். சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தார்கள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். கரையோரம் முழுக்க ஒரே மஞ்சள் நிறம். மீனவர் தங்கும் வாடிகள் இல்லை, கரைவலை இழுக்கும் இடங்களான பாடுகள் இல்லை, ஒரு கிணறுகூட இல்லை. சின்னதாக ஒரு கோயில் குறி மட்டும் இருந்தது. அந்த மஞ்சளுக்குள் எத்தனை வீட்டு அடுப்பு எரிகிறது என்று அதை வரைந்தவருக்குத் தெரிய வாய்ப்பில்லை, ஆனால் தெரிந்துகொண்டுதான் வந்திருக்க வேண்டும்.

வயதான ஒரு அம்மா எழும்பிக் கேட்டார், "தோண்டின குழிய என்ன செய்வீங்க மகன்?"

"கனிமத்தைப் பிரிச்சு எடுத்திட்டு மிச்ச மண்ணப் போட்டு மூடிருவம் அம்மா."

"மண்ணப் போட்டு மூடுவீங்க. மறுகா தண்ணி?"

அதற்குப் பதில் வரவில்லை. அந்த அம்மா கேட்டது சும்மா கேள்வி இல்லை. கடலோரத்து மணலுக்குள் உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீர், பாலில் ஆடை மாதிரி மிதந்துகொண்டிருக்கிறது. மாரி மழைதான் அதற்கு வரவு. நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு உப்பை அமுக்கி வைத்திருக்கும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழே உப்பு அந்த 40 அடிக்கும் ஏறப் பார்க்கும். கொட்டுக்கிணற்றில் வாளி விட்டு அள்ளுகிற சனத்துக்கு 40 என்ற எண் தெரியாது, ஆனால் கச்சான் காற்றுக் காலத்தில் தண்ணீர் கரிக்கத் தொடங்குவது நாக்குக்குத் தெரியும். எந்தக் கிணறு முதலில் கரிக்கும், எது கடைசிவரை தாங்கும் என்று அந்த அம்மா வரிசையாகச் சொல்வார். அதை யாரும் எழுதவில்லை, நான் என் கொப்பியில் எழுதி வைத்தேன்.

அடுத்தது மண்மேடு. 2004 மார்கழி 26 சுனாமியில் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான். தாழையும் இராவணன் மீசை என்ற முள்ளுப் புல்லும் பிடித்து உயர்ந்து நின்ற மேடு எங்கே அலையின் வேகத்தைக் குறைத்தது, மேட்டை வெட்டிப் பாதை விட்ட இடத்தால் தண்ணீர் எப்படிப் பாய்ந்தது என்று பிள்ளைகளைப் பறிகொடுத்த மனிசர் கூட்டத்தில் கைகாட்டிச் சொன்னார்கள். தோண்டி, கனிமத்தைப் பிரித்துத் திரும்பக் கொட்டிய மண் பழையபடி இறுகி நிற்க எத்தனை வருஷம், செடி எப்போது பிடிக்கும், அதற்கிடையில் கடல் பொங்கினால் யார் பொறுப்பு? இவையெல்லாம் பொறியியலாளர் ஒருவர் கேட்க வேண்டிய கேள்விகள்.

வேலைவாய்ப்புப் பேச்சும் வந்தது. அதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். கட்டாருக்கும் சவூதிக்கும் போகக் கடன் வாங்கி அலைகிற பொடியன்கள் எங்கள் ஊரில் நிறைய. அவர்களில் ஒருவர் எழும்பி, எத்தனை பேருக்கு, எத்தனை வருஷத்துக்கு, நிரந்தரமா கூலியா என்று தெளிவாகக் கேட்டார். "உள்ளூர் ஆக்களுக்கு முன்னுரிமை" என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. அதன்பிறகு அவரும் ஊர் எழுதிய எதிர்ப்பு மனுவில் கையெழுத்து வைத்தார்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1993இல் வந்த வர்த்தமானியின்படி 10 ஹெக்டேயருக்கு மேல் நிலத்தின் மேற்பரப்பைத் தோண்டுவதென்றால் சுற்றாடல் அனுமதி நடைமுறைக்குள் வந்தாக வேண்டும். திட்டம் சூழலுக்கு என்ன செய்யும் என்று சொல்லும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை கேட்கப்பட்டால், அதைப் பார்த்துக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாள். கடலோரத்தில் 300 மீற்றர் வரை கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் சரிதான். ஆனால் விடியற்காலையில் வலைக்குப் போய் மத்தியானம் திரும்புகிறவர், கந்தோருக்கு வந்து இருநூறு முன்னூறு பக்க அறிக்கையைப் புரட்டி 30 நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுப்பது நடக்கிற காரியமா? அதைவிட, ஆய்வுக் கட்டத்தில் ஊரைக் கேட்பது சடங்காகத்தான் நடக்கிறது. காசு போட்டு மண்ணைச் சோதித்தவர் வீட்டுக்குப் போகவா சோதிக்கிறார்? அதனால்தான் சனம் முதல் குழாயையே மறித்தது. அது முற்றிலும் சரியான இடம் என்பது என் அபிப்பிராயம்.

எப்பாவலைக் கதை எங்களுக்கு அப்போது பெரிய தெம்பு. அனுராதபுர மாவட்டத்தில் பொஸ்பேற்றுக்காகப் பெரிய திறந்த சுரங்கம் தோண்ட வெளிநாட்டுக் கம்பனியோடு ஒப்பந்தம் போடப் பார்த்ததை எதிர்த்து, அந்த ஊர் விவசாயிகளும் ஒரு பௌத்த துறவியும் உயர் நீதிமன்றம் போனார்கள். 2000ஆம் ஆண்டு தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. இயற்கை வளத்தை அரசாங்கம் மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறதே தவிர, நினைத்தபடி கொடுத்துவிட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இதை ஊர்ச் சங்கக் கூட்டத்தில் ஒரு ஆசிரியர் விளக்கியபோது, அதுவரை பேசாமல் இருந்த பெண்கள்கூடப் பேசத் தொடங்கினார்கள்.

மனு தமிழ் ஊரிலும் பக்கத்து முஸ்லிம் ஊரிலும் சுற்றிவந்தது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள், அந்தக் கொடியே இந்த மண்மேட்டில்தான் படர்கிறது. நீலமையில் பெருவிரல் பதித்த பக்கங்கள் என் மேசைக்கு வந்தபோது கடல் ஈரத்தில் ஓரமெல்லாம் சுருண்டிருந்தன. மை சில இடங்களில் மீன் செதிலோடு ஒட்டியிருந்தது.

கந்தோர்க் கோப்பில் கடைசியாகப் போன குறிப்பு ஒரே வரி: 'பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்.' நான் எழுதிக் கொடுத்த கேள்விகள் எதுவும் அதில் இல்லை. எதிர்ப்பு என்று மட்டும் எழுதினால் மேலே இருப்பவருக்கு அது சத்தமாகத்தான் கேட்கும். கிணறு, மேடு, வேலை என்று கேள்வியாக எழுதினால் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்த முறைக்கு வேலை நின்றது. சனம் மறித்ததால் நின்றது, கேள்விகளை யாரும் பரிசீலித்ததால் இல்லை. ஆகவே திரும்ப வருவார்கள் என்று ஊருக்குத் தெரியும்.

இப்போது புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்வது, கூட்டக் குறிப்பில் கேட்டவரின் கேள்வியை அவர் கேட்டபடியே எழுதுங்கள், பதில் வராவிட்டால் 'பதில் அளிக்கப்படவில்லை' என்று திகதியோடு எழுதி, ஒரு பிரதியைச் சங்கத்துக்கும் கொடுங்கள். கரையோரச் சங்கங்களுக்குச் சொல்வது, ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு கிணற்றைத் தெரிந்து, கயிற்றில் முடிச்சுப் போட்டு மாதம் ஒரு தரம் தண்ணீர் மட்டத்தை அளந்து, கரிக்கிறதா இல்லையா என்பதோடு சேர்த்துக் கொப்பியில் பதியுங்கள். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையான மாதங்களை மட்டும் தவற விடாதீர்கள்.