கச்சான் காலத்தில் ஹெட்செட்

08.07.2025, செவ்வாய்

கச்சான் (தென்மேற்கிலிருந்து வரும் வரண்ட காற்று) காலத்து வெயில் ஏறிவிட்டது. பின்னேரம் மேற்கு ஜன்னலால் விழுகிற வெளிச்சம் பயிற்சிக்கும் காயக்கட்டு மாற்றும்போதும் மாட்டுகிற குவெஸ்ட் 2 என்ற மெய்நிகர் (VR) ஹெட்செட்டுக்கு இரண்டு வகையில் ஆகாது. கொன்ட்ரோலர் வளையத்திலுள்ள அகச்சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துத்தான் ஹெட்செட்டின் நான்கு கமராக்களும் கை எங்கே என்று அறிகின்றன. வெயில் அவற்றை அமுக்கிவிட்டால் திரையில் கை தானாக நழுவும். அதைப் பொறுக்கலாம். வில்லைகள் (லென்ஸ்) வெயிலைப் பார்த்திருக்கக் கழற்றி வைப்பதுதான் கொடுமை: பூதக்கண்ணாடி போலக் குவித்து உள்திரையைச் சுட்டுவிடும். அந்தப் பொட்டு பிறகு போகாது.

சீலையை மூடி டியூப் லைட் போட்டால் சிலவேளை காட்சி நடுங்கும். செட்டிங்ஸில் டிராக்கிங் அதிர்வெண்ணை 50 ஹேர்ட்ஸ் ஆக்கவும். நம் மின்சாரம் 50. மினுங்குகிற டைல் தரையும் கமராவைக் குழப்பும். ஒரு பன்பாய் விரித்தால் போதும். விளையாடும் இடத்தின் எல்லை தாண்டுவதும் காலுக்கே தெரிந்துவிடும்.

09.07.2025, புதன்

சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் முதலுதவி): ஆழம் 5 முதல் 6 செ.மீ., நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. கொன்ட்ரோலரைப் பிடித்துக் காற்றை அழுத்துகிறவருக்கு இதில் ஆழம் மட்டும் வரவே வராது. நெஞ்செலும்பு எதிர்க்கும் கனத்தைப் பயிற்சிப் பொம்மைதான் தரும். ஹெட்செட்டில் பழக்க வேண்டியது ஒழுங்கு: இடம் பாதுகாப்பா, கூப்பிட்டால் அசைகிறாரா, மூச்சுப் பார்க்க 10 செக்கனுக்கு மேல் எடுக்காமை, அம்புலன்ஸுக்கு 1990ஐ அழைப்பது யார். பொம்மையோடு தொடங்கினால் எல்லாரும் நேரே நெஞ்சில்தான் கை வைப்பார்கள். இந்த முன்படிகள் விடுபட்டுப்போகும்.

ஹெட்செட் விற்க வருவோர் 2002இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வைக் காட்டுவார்கள். பயிற்சி மருத்துவர் 16 பேர். சிமியுலேட்டரில் பழகியவர்கள் பித்தப்பையை 29% விரைவாகப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் அங்கே தலையில் எதுவும் மாட்டவில்லை. சாதாரணத் திரையும், சத்திரசிகிச்சைக் கருவிபோன்ற கைப்பிடிகளும்தான். பலன் அந்தக் கைப்பிடியில் இருந்தது.

11.07.2025, வெள்ளி

தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது வலியிலிருந்து மனத்தைத் திருப்பவும் ஹெட்செட் மாட்டலாம். 1996இல் சியாட்டிலில் ஆய்வாளர்கள் ஹன்டர் ஹொஃப்மனும் டேவிட் பட்டர்சனும் தொடங்கிய முயற்சியில் பின்னர் பிறந்த பனியுலகம் (SnowWorld) என்ற விளையாட்டுத்தான் இதற்கு முன்னோடி: நோயாளி பனிப்பள்ளத்தாக்கில் மிதந்தபடி பனியுருண்டை எறிவார். பனியையே காணாத மட்டக்களப்பில் எடுபடுமா என்று கேட்பதுண்டு. எடுபடும். வலியைக் கவனிக்கவும் மனம் வேண்டும். அதை எறிகிற வேலை பிடுங்கிக்கொள்கிறது. சும்மா பார்க்கும் வீடியோவில் அந்தப் பிடி குறைவு.

வலிமருந்தை இது மாற்றாது. மருந்து கொடுத்து, அது பிடிக்கும் நேரம் விட்டு, கட்டைத் தொட 5 நிமிடம் முன்னே மாட்டவும். நோயாளி சாய்ந்திருக்கட்டும், நடக்கும் விளையாட்டு வேண்டாம், கண் அசைவதாகச் சொல்லும், உட்காது அசையவில்லை என்னும், குமட்டும். மிஸ்ஸியின் (தாதியின்) குரல் கேட்குமளவுக்குச் சத்தத்தை ஒள்ளம் குறைக்கவும். பேச்சில்லாத விளையாட்டாகத் தெரிவு செய்யவும். ஆங்கிலக் கட்டளை நடுவில் வந்தால் மனம் திரும்பக் காயத்துக்கே போய்விடும். முகத்திலோ தலையிலோ காயம், வலிப்பு, வாந்தி இருந்தால் வேண்டாம். 10 வயதுக்குக் கீழே தயாரிப்பாளரே வேண்டாம் என்கிறார். சுடுதண்ணி கொட்டிய சின்னப்பிள்ளைகளுக்கு டெப்லட்டைக் கையில் பிடித்துக் காட்டுவதே வழி.

14.07.2025, திங்கள்

மங்கலாகத் தெரிகிறது என்றால் முதலில் வில்லை இடைவெளியைப் பார்க்கவும்: 58, 63, 68 மி.மீ. என மூன்றே நிலை. ஏ.சி. அறையிலிருந்து வாட்டுக்குக் கொண்டுவந்தால் வில்லை வியர்க்கும். மாட்டுவதற்குக் கால்மணி முன்பே வாட்டில் வைத்துவிடவும், துடைத்துத் துடைத்துக் கீறக்கூடாது. வில்லைக்குக் காய்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும். வாட்டில் கைக்கெட்டுவது ஸ்பிரிட் பஞ்சுதான். அது பட்டால் வில்லையின் பூச்சுப் போய்விடும். முகத்தில் படும் பஞ்சுறை நீரை உறிஞ்சும், ஆகவே சிலிக்கன் உறை போட்டு ஆளுக்கு ஆள் துடைக்கவும். சார்ஜ் 2 முதல் 3 மணித்தியாலம் நிற்கும். பாதிக்குக் கீழே இருந்தால் கட்டு மாற்றத் தொடங்க வேண்டாம்.