'அமரர்' விட்டுப்போனதிலிருந்து

ஜனவரி 18, 2025, சனி

ஐந்நூறு கல்யாண அழைப்பிதழ். பெண்ணின் தகப்பனார் பெயருக்கு முன்னால் 'அமரர்' விட்டுப்போயிருக்கிறது.

பெண்ணின் அம்மா எங்கள் அச்சுக் கடைக்கு வந்து ஒரு கார்டை மேசைமேல் வைத்தார். சத்தம் போடவில்லை. அந்தப் பெயரைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவினார். "அவரே வாசல்ல நின்னு வரவேற்கிற மாதிரி போட்டிருக்கீங்களேண்ணே" என்றார்.

எனக்கு யாரும் சொல்லவில்லை என்று முதலாளியிடம் சாதித்தேன். அவர் ஒன்றும் பேசாமல் ஆர்டர் சீட்டை எடுத்து நீட்டினார். "அப்பா தவறிவிட்டார். அமரர் சேர்க்கவும்." சிவப்புப் பேனா, கீழே இரண்டு கோடு. புள்ளியைக் குட்டி வட்டமாகப் போடுகிற ஆள் கடையில் நான் ஒருவன்தான். என் கையெழுத்து. எழுதிய ஞாபகம் துளிகூட இல்லை.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் முப்பத்திரண்டு வருஷமாக இதே தொழில். ஈய எழுத்துக் கோத்துப் பழகிய கை இது. மறு அச்சுக்கான காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அது பெரிய விஷயமில்லை. அந்தச் சீட்டுதான் ராத்திரி முழுக்கக் கண்ணுக்குள் நின்றது.

ஜனவரி 20, திங்கள்

மனைவியிடம் சொன்னேன். அதிர்ச்சியாவாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய குதிரைக் காலண்டரைக் கழற்றி எடுத்து வந்தாள். அதில் சில தேதிகளுக்குப் பக்கத்தில் பென்சில் புள்ளி இருப்பதை முன்பே பார்த்திருக்கிறேன். நாலு நம்பர் லாட்டரி எடுக்கக் குறித்து வைக்கிறாள் என்று நினைத்தேன்.

நான் சொன்னதையே திரும்பச் சொன்ன நாள்களாம். அக்டோபரில் தொடங்கியிருக்கிறாள். நாற்பத்தொரு புள்ளி.

"ஏன் சொல்லல?"

"சொன்னேங்க. நாலு தடவ."

ஜனவரி 27, திங்கள்

சீனப் பெருநாள் நெருங்குவதால் கூட்டம் இருக்காது என்று கவர்மெண்ட் கிளினிக் போனோம். எல்லாரும் அப்படியே நினைத்திருக்கிறார்கள். ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி மூன்று மணி நேரம்.

டாக்டர் சின்னப் பெண், நம்ம ஆள். தலையில் எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டார். மூன்று முறை என்றேன். சின்ன வயதில் தோட்டத்தில் டிராக்டரிலிருந்து விழுந்தது, 1991இல் பந்து விளையாடும்போது மோதியது, 2003இல் மோட்டார் சைக்கிள். அவர் அதைவிட அண்மைக்காலத்தைத்தான் துருவினார். இரண்டு மூன்று மாதத்துக்குள் எங்காவது லேசாக இடித்துக்கொண்டீர்களா அங்கிள், அலமாரிக் கதவு மாதிரி? வயது ஏற ஏற மண்டை ஓட்டுக்கு உள்ளே ரத்தம் மெல்லக் கசிந்து, வாரக்கணக்கில் தேங்கி மூளையை அழுத்துவதுண்டாம். திடீரென்று கடும் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், ஒரு பக்கம் கைகால் வலுவிழப்பு என்று எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் நேரே எமர்ஜென்சிக்குப் போகச் சொன்னார்.

தைராய்டு, பி12, சர்க்கரை, சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார்கள். நடப்பதை அன்றன்றே எழுதி வைக்கச் சொன்னார். இருபது வருஷமாக நாட்குறிப்பு எழுதுகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். "அப்போ பழசையும் எடுத்துப் பாருங்க அங்கிள்" என்றார். இன்னும் பார்க்கவில்லை. பயம்தான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சுங்கை பட்டாணிக்கு, அண்ணனுக்குப் போன் போட்டேன். டிராக்டர் கதை எனக்குத் தெரிந்தவரை சின்ன விஷயம்: விழுந்தேன், அம்மா காயத்தில் கோப்பித்தூளை அப்பினார், மறுநாள் பள்ளிக்கூடம் போனேன்.

அண்ணன் சிரித்தார். "மறுநாளா? ரெண்டு நாளு வாந்தி எடுத்தடா. லயத்துல எல்லாரும் வந்து பாத்தாங்க. என்னையப் பாத்து யாருன்னு கேட்ட."

பந்து விஷயம் எனக்கே தெரியும். கோல்கீப்பர் தலையோடு என் தலை மோதி, பந்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஆட்டம் முடியும்வரை வெளியே வரவில்லை. தோட்டத்துக்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் படம் இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

நேற்றுத் தைப்பூசம். தண்ணீர்மலை இறங்கி வந்து, மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்தினேன் என்று தெரியாமல் ஒன்றரை மணி நேரம். கடைசியில் ஒரு தண்ணீர்ப்பந்தலில் உட்கார்ந்து மோர் குடித்தேன். அந்தப் பந்தலுக்குப் பின்னால்தான் நின்றது.

மார்ச் 6, வியாழன்

ஜாலான் ரெசிடென்சி, பெரிய ஆஸ்பத்திரி. மனைவியும் உள்ளே வரட்டும் என்றார் டாக்டர். எனக்குத் துணைக்கு என்று நினைத்தேன். சாட்சிக்கு!

2003 விபத்தைப் பற்றி இரண்டே கேள்வி. அடிபடுவதற்கு முன் கடைசியாக என்ன ஞாபகம்? அடிபட்ட பிறகு முதலில் என்ன ஞாபகம்? மயங்கிக் கிடந்த நேரத்தை மட்டுமல்ல, மனதில் எதுவும் பதியாமல் போன நேரத்தையும் வைத்துத்தான் அடி எவ்வளவு பலம் என்று கணக்கிடுவார்களாம். ஒரு நாளைத் தாண்டினால் லேசான அடியில் சேர்த்தி இல்லை.

இருபது வருஷமாகச் சொல்லி வரும் பதிலைச் சொன்னேன். பிறை ஊரில் எங்கள் வீட்டு வாசலில் மழைக்கோட்டு மாட்டினேன். அடுத்து, வார்டில் சுற்றும் காற்றாடி. அன்று சாயங்காலமே தெளிந்துவிட்டது.

"இல்லைங்க டாக்டர்" என்றாள் மனைவி. "மூணு நாள். கண்ணு முழிச்சுதான் இருந்தாரு, எல்லார்கிட்டயும் நல்லாப் பேசினாரு. எங்க அம்மாவப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. ஆனா பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா மோட்டார் எங்கன்னு கேட்டாரு. சொல்லுவேன். சரிம்பாரு. திரும்பக் கேப்பாரு."

டாக்டர் எழுதிக்கொண்டார். மூன்று நாள். ஹெல்மெட் போட்டிருந்தேன் என்றேன். "வாரு மாட்டல" என்றாள், என்னைப் பார்க்காமல்.

அப்புறம் ஞாபகப் பரீட்சை. கனடாவில் மொன்றியலில் உருவானதாம், மொத்தம் முப்பது மதிப்பெண், 26 எடுத்தால் பரவாயில்லை. மொழியைக் கேட்டார்கள், தமிழ் என்றேன். பெட்டி மாதிரி ஒரு படத்தைப் பார்த்து வரைந்தேன், கடிகாரம் போட்டேன், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தேன். 'ம'வில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடம் சொல்லச் சொன்னார்கள். தமிழையே விற்றுச் சாப்பிடுகிறவன் நான். மணமகன், மணமகள், முகூர்த்தம், மாலை, மண்டபம், மொய்... ஒன்பதோடு நின்றுவிட்டது. எல்லாமே கார்டுச் சொல். மரமும் மழையும் வீடு வந்த பிறகுதான் வந்தன.

முதலிலேயே ஐந்து சொற்களைச் சொல்லி, பிறகு கேட்பேன் என்றிருந்தார். கேட்டார். இரண்டுதான் வந்தது. பதினோரு வருஷப் படிப்புக்கென்று சலுகையாக ஒரு மதிப்பெண் கூட்டி 22.

பட்டர்வொர்த் வரும் பெர்ரியில், பாதிக் கடலில் மூன்றாவது சொல் வந்தது. ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு மனைவியை எழுப்பி நான்காவதைச் சொன்னேன். அவளுக்கு ஐந்தும் தெரியும், பின்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். சொல்ல மாட்டேன் என்கிறாள். இங்கேயும் அந்தச் சொற்களை எழுதப்போவதில்லை. அடுத்த முறை அவற்றையே கேட்டால் காப்பி அடித்தது போலாகிவிடும்.

ஏப்ரல் 10, வியாழன்

எம்ஆர்ஐ. பழைய ஹைடல்பெர்க் அச்சு மெஷினுக்குள் தலையை விட்டுப் படுத்த மாதிரி. தூங்கிவிட்டேன் என்று எழுப்பினார்கள்.

மே 8, வியாழன்

ஐந்து வெள்ளி கட்டி முடிவு கேட்டோம். திரையில் மூளையின் படம். முன்பக்கத்தின் அடியிலும் பக்கவாட்டு முனையிலும் பென்சிலால் தேய்த்தது போல இரண்டு இடம். பழைய தழும்பு. மண்டை ஓட்டின் தரை அங்கே கரடுமுரடாக இருக்குமாம். தலை சட்டென்று நிற்கும்போது மூளை போய் அதில் உரசுகிறது. தேங்கிய ரத்தம் இல்லை.

ஆக விபத்துதான் காரணம் என்று எழுந்திரிக்கப் பார்த்தேன். "இருங்க அங்கிள், இன்னும் இருக்கு." பி12 ரொம்பக் குறைவு. சர்க்கரைக்குப் பதினோரு வருஷமாக மெட்ஃபோர்மின் விழுங்குகிறேன். அது நாளாக நாளாக பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்குமாம். பாதம் மரத்துப்போவதை நான் செருப்பின் மேல் பழி போட்டிருந்தேன். போதாததற்கு மூக்கு ஒழுகலுக்குத் தினமும் ராத்திரி போடும் மஞ்சள் மாத்திரை. பத்து வெள்ளிக்குக்கூடப் பெறாத அந்த மாத்திரையும் ஞாபகத்தை மங்க வைக்கும் வகையாம். அதை அன்றே நிறுத்தச் சொன்னார். மெட்ஃபோர்மினை நானாக நிறுத்தக் கூடாது, பி12க்கு ஊசி.

தழும்பு போகாது, மற்ற இரண்டும் சரியானால் எவ்வளவு திரும்புகிறது என்று செப்டம்பரில் மறுபடி பரீட்சை வைத்துப் பார்க்கலாம் என்றார். பிற்காலத்தில் மறதி நோய் வருமா என்று கேட்டேன். அடிபடாதவர்களைவிட வாய்ப்புக் கூடுதல், உங்களுக்கு வரும் வராது என்று சொல்ல முடியாது என்றார். மழுப்பாமல் சொன்னது பிடித்திருந்தது. இன்னொரு அடி மட்டும் படக் கூடாது, பழைய ஆட்டக்காரர்கள் பந்து விளையாடக் கூப்பிட்டால் கரையில் உட்காருங்கள் என்றார்.

எனக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது. கூடத்தில் படமாக மாட்டும் அளவுக்கு ஒரு காரணம் இருந்த இடத்தில் மாத்திரைப் பெட்டி வந்து உட்கார்ந்துவிட்டது.

வாசலில் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது மனைவி என் தாடைக்குக் கீழே விரலை விட்டு ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்த்தாள். ஆட்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஜூன் 14, சனி

நான்கு ஊசி முடிந்தது. கடையில் இப்போது ஆர்டர் சீட்டை நான் சத்தமாக வாசிக்க, தம்பி ஒருவன் ப்ரூஃபில் டிக் போடுகிறான். 'அமரர்' என்றாலே இரண்டு பேரும் நின்று மூச்சு விட்டுக்கொள்கிறோம்.

மத்தியானம் காகிதக் கட்டைப் பிரிக்கும்போது சட்டென்று ஐந்தாவது சொல் வந்தது. வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போன் போட்டேன்.

"சரிதான்" என்றாள். "ஏப்ரல்லயும் இதே சந்தோஷமாத்தான் சொன்னீங்க."

வீட்டுக்கு வந்து ஏப்ரல் பக்கங்களைப் புரட்டினேன். எம்ஆர்ஐ மட்டும்தான் இருக்கிறது. காலண்டரில் இன்றைய தேதியில் அவள் இன்னும் புள்ளி வைக்கவில்லை.