துனிஸ் நாட்கள்

நவம்பர் 4
லேப் ரிப்போர்ட் வரவில்லை. வெள்ளிக்கிழமை என்கிறார்கள்.

நவம்பர் 5
மதியம் டி.ஜி.எம். என்கிற புறநகர் ரயிலில் போய் கார்தேஜ் சலம்போ ஸ்டேஷனில் இறங்கினேன். பழைய கார்தேஜ் நகரத்தின் வட்டத் துறைமுகம் இப்போது ஒரு குளம்தான். சுற்றிலும் பங்களாக்கள், நடுவில் புல் மண்டிய திட்டு, சின்ன மீன்பிடிப் படகுகள். இங்கே 220 போர்க்கப்பல் நின்றதாகப் பழங்கால வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதியிருக்கிறார். கரையில் நின்று பார்த்தால் நம்பவே முடியாது. திட்டில் தோண்டியபோது கப்பல்களை இழுத்து ஏற்றிய சரிவுகளின் அடித்தளம் கிடைத்தது, அதனால் நம்பத்தான் வேண்டும்.

நவம்பர் 6
"நீ சாப்பிட்டியா?" என்று அம்மா என்னைக் கேட்கிறாள். தம்பி போனை வாங்கி, "ரிப்போர்ட் வரட்டும்க்கா, அப்புறம் டிக்கெட் போட்டுக்கலாம்" என்றான். சரி.

நவம்பர் 7
தூக்கமில்லை. துறைமுகமே மண்டைக்குள் ஓடுகிறது. கி.மு. 149இல் கார்தேஜை ரோமர்கள் முற்றுகையிட்டார்கள். நகரத்தார் இருந்த ஆயுதங்களை எல்லாம் ரோமர்களிடம் ஏற்கெனவே ஒப்படைத்தாயிற்று. புது எறிபொறிகளுக்குக் கயிறு திரிக்கப் பெண்கள் கூந்தலை அறுத்துக் கொடுத்தார்களாம். ரோமத் தளபதி சிப்பியோ கடலில் கல்லைக் கொட்டித் துறைமுக வாயை அடைத்தான். உள்ளே இருந்தவர்கள், பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து, கடலைப் பார்த்து வேறொரு வாய் வெட்டினார்கள். ராப்பகலாகச் சத்தம் கேட்டும் வெளியே இருந்தவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பழைய மரத்தை வைத்தே கப்பல் கட்டி, ஒரு விடியலில் 50 போர்க்கப்பலோடு வெளியே வந்தார்கள். ரோமர்கள் திகைத்து நின்றார்கள், அவர்கள் கப்பல்களைக் கவனிக்க ஆளில்லை. அப்போதே பாய்ந்திருக்கலாம். பாயவில்லை. கப்பலைக் காட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்கள்! சண்டைக்கு வந்தது மூன்றாம் நாள். அதற்குள் எதிராளி தயார். படித்தவர்கள் ஏதாவது காரணம் சொல்வார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நவம்பர் 8
லேபில் யாரும் போனை எடுக்கவில்லை. இனி திங்கள்தானாம்.

நவம்பர் 9
கார்தேஜின் நடுவில் இருக்கும் பிர்சா குன்று. கி.மு. 146இல் நகரம் ரோமர்களிடம் விழுந்தபோது எரிந்த வீடுகள் சரிவில் இருக்கின்றன. பின்னால் வந்த ரோமர்கள் உச்சியை வெட்டிச் சமன்செய்து மண்ணைச் சரிவில் கொட்டினார்கள், அதில் புதைந்து தப்பியவை. குறுகலான தெரு, படிகள், வீடுகளின் தரைக்கடியில் மழைநீர்த் தொட்டி. மூன்று வருஷம் தாக்குப்பிடித்ததில் இந்தத் தொட்டிகளுக்கும் பங்கு இருந்திருக்கும். ரோமர்கள் உப்பைத் தூவி உழுதார்கள் என்று ஒரு கைடு சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப் பழைய நூல் எதிலும் இல்லை, ரொம்பப் பிற்காலத்துக் கதை. சண்டை போடத் தெம்பில்லை, நகர்ந்துவிட்டேன்.

நவம்பர் 10
தோஹா வழியாக டிக்கெட் போட்டாயிற்று, நாளை மறுநாள். தம்பிக்குச் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி ரிப்போர்ட் என்பான்.