எண்ணூர்க் கடலில் பாய்மரப் படகும் ஒரு டேப்லெட்டும்

கடலில் நின்று பார்க்கிறவருக்கு வடசென்னையைப் போல எளிதில் அடையாளம் தெரியும் கரை அதிகம் இல்லை. துறைமுகத்தின் ராட்சத கிரேன்கள், அவற்றுக்கு வடக்கே காசிமேட்டில் நெருக்கியடித்து நிற்கும் விசைப்படகுகள், மணலி சுத்திகரிப்பு ஆலையின் எரிசுடர், அதையும் தாண்டி அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். தெளிவான பகலில் இங்கே வழி தவறுவது கடினம். அப்படிப்பட்ட கரையோரமாகச் செல்லும் சிறு பாய்மரப் படகுக்கு, செயற்கைக்கோள் பார்த்து இடம் சொல்லும் டேப்லெட் எதற்கு என்ற கேள்வி எனக்கு இருந்தது. பங்குனி மாதத்தில் ஒரு நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்துக்கு அருகில்வரை சென்று திரும்பியபோது அதற்கு ஒரு விடை கிடைத்தது. நான் எதிர்பார்த்த விடை அது அல்ல.

படகின் உரிமையாளர் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரைக் கேப்டன் என்றே அழைப்போம். சென்னைத் துறைமுகத்துக்குள் பாய்மரப் படகுகள் நிற்பது புதிதல்ல. துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றும் அங்கேதான் இயங்குகிறது. (மறு ஆண்டு அதே கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர் கணிதமேதை ராமானுஜன்.) எங்களுடன் வந்த மூன்றாமவர் காசிமேட்டைச் சேர்ந்த மீனவர், ஐம்பதைக் கடந்தவர், எனக்கு அண்ணன் முறை. அவருக்குப் பாயும் தெரியும், இயந்திரமும் தெரியும்.

வேலை முந்தைய நாள் மாலையே தொடங்கிவிட்டது. டேப்லெட் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய முதல் செய்தியைக் கேப்டன் சொன்னார்: ஐபேடுகளில் வைஃபை மட்டும் உள்ள வகையில் ஜிபிஎஸ் சில்லே கிடையாது, கைபேசி இணைப்பும் (செல்லுலார்) உள்ள வகையில்தான் அது உண்டு. வீட்டிலும் கடையிலும் இரண்டும் ஒன்றுபோலவே இடத்தைக் காட்டும், ஏனென்றால் அங்கே சுற்றியுள்ள வைஃபை இணைப்புகளை வைத்து அது இடத்தை ஊகித்துக்கொள்கிறது. கரையை விட்டு விலகியதும் முதல் வகை கையை விரித்துவிடும். அடுத்தது வரைபடம். கடல் வரைபடங்களை முழுமையாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளாமல், கைபேசிக் கோபுரத்தின் தயவை நம்பிக் கிளம்பினால், சிக்னல் போன இடத்தில் வெற்று நீலத் திரையின் நடுவே ஓர் அம்புக்குறி மட்டும் நிற்கும். கேப்டன் நேவியானிக்ஸ் என்ற கடல் வரைபடச் செயலியைப் பயன்படுத்துகிறார். கீழே அறையில் உள்ள மடிக்கணினியில் அதே வேலைக்கான இலவச மென்பொருளான ஓப்பன்சிபிஎன் இருக்கிறது. அதோடு, டேப்லெட்டைத் துறைமுகத்துக்குள்ளேயே இயக்கிச் சிறிது நேரம் திறந்த வானத்தின் கீழ் வைக்க வேண்டும் என்றார். இணையத்தின் உதவி இல்லாதபோது செயற்கைக்கோள்களின் தற்போதைய பாதை விவரங்களைச் சில்லு வானிலிருந்துதான் மெதுவாக வாங்கிக்கொள்ள வேண்டும்; எல்லாச் செயற்கைக்கோள்களையும் பற்றிய முழு அட்டவணை ஜிபிஎஸ் சமிக்ஞையில் ஒருமுறை வந்து முடிய 12.5 நிமிடங்கள் பிடிக்கின்றன.

டேப்லெட்டை எங்கே மாட்டுவது என்பதில்தான் அதிக நேரம் போனது. சுக்கான் பிடிப்பவரின் கண்ணுக்கு நேராக, திசைகாட்டிக்குப் பக்கத்தில் மாட்டுவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். கேப்டன் அதை ஒருமுறை செய்து காட்டினார். டேப்லெட்டின் மடிப்பு உறையைத் திசைகாட்டியின் அருகே கொண்டுசெல்லச் செல்ல, உள்ளே திரவத்தில் மிதந்த வட்டத்தகடு தயங்கி அசைந்து, பிறகு வெட்கமே இல்லாமல் உறையின் பக்கம் திரும்பிக்கொண்டது. உறையிலும் ஒலிபெருக்கியிலும் காந்தம் இருக்கிறது. ஆகவே உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு கை நீளத்துக்கு அப்பால், அறைக்கு இறங்கும் வாசலின் நிழலில் அதை மாட்டினோம். நிழல் தேவைப்பட்டதற்குக் காரணம் வெயில். ஐபேடு இயங்குவதற்கு ஆப்பிள் நிறுவனம் சொல்லும் உச்ச வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ். பங்குனி வெயிலில் கருப்புக் கண்ணாடிப் பலகை ஒன்று நேரடியாகக் காய்ந்தால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சூடு மிஞ்சினால் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஈரம் இன்னொரு தொல்லை. திரையில் தெறித்த உப்புநீர்த் துளியை அது விரல் என்று நினைத்து, வரைபடத்தைத் தன் போக்கில் நகர்த்தும். போலராய்டு குளிர்கண்ணாடி அணிந்திருந்த நான் தலையைச் சாய்த்தபோது திரை முழுவதும் கருத்துப்போனது. நிமிர்ந்தபோது திரும்பி வந்தது.

விடியலில் துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்கு விஎச்எஃப் வானொலியில் தகவல் சொல்லிவிட்டு வெளியே வந்தோம். கரையிலிருந்து மெல்லிய மேல்காற்று வீசியது, கடல் தட்டையாக இருந்தது, பாய்கள் வலப்பக்கம் புடைத்துக்கொண்டன. இந்தக் கரை ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடுவதால் திரையில் தெரியும் அட்சரேகை எண்ணே மைல்கல்லாகிவிடுகிறது: ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது அட்சரேகையில் ஒரு நிமிடம், ஒரு கடல் மைல், 1852 மீட்டர். 13 பாகை 6 நிமிடத்தில் துறைமுகம், 15-ஐ ஒட்டிக் காமராஜர் துறைமுகம். கழித்துப் பார்த்தால் மீதித் தூரம் தெரிந்துவிடும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால் இடம் தெரியும். கட்டடம் எதுவும் மறைக்காத கடலில், சாதாரணக் கைபேசியே ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியமாகக் காட்டுகிறது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம்வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்ததால், அதுவரை நூறு மீட்டர் தள்ளிக் காட்டுவது இயல்பு. கேப்டன் அந்தக் காலத்து ஆள் என்பதால், இன்றும் திரையை நம்புவதற்கு முன் ஒருமுறை புகைபோக்கிகளைப் பார்த்துக்கொள்கிறார்.

எனக்கு விடை கிடைத்தது திருவொற்றியூருக்கு நேராக வந்தபோது. படகின் அடியில் நீரில் சுழலும் சிறு சக்கரம் ஒன்று, நீரைக் கிழித்துக்கொண்டு படகு போகும் வேகத்தைச் சொல்கிறது. அது நான்கு நாட், அதாவது மணிக்கு நான்கு கடல் மைல், காட்டியது. டேப்லெட் ஐந்துக்கு மேல் காட்டியது. இரண்டும் சரி. முதலாவது நீர்மேல் வேகம், இரண்டாவது தரைமேல் வேகம். இடையில் உள்ள வேறுபாடுதான் நீரோட்டம். இந்தியக் கிழக்குக் கரையை ஒட்டிய நீரோட்டம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும், மாசி பங்குனியில் வடக்கு நோக்கியும் ஓடுகிறது என்பதை நான் படித்திருக்கிறேன். ஆனால் கண்ணாடி போல் கிடந்த அந்த நீர் முழுவதுமாக, எங்களையும் சுமந்துகொண்டு, வடக்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதை எந்தப் புலனாலும் உணர முடியவில்லை. இடத்தைச் சொல்லப் புகைபோக்கிகள் போதும். நீர் எங்கே இழுக்கிறது என்பதைப் புகைபோக்கி சொல்லாது.

அண்ணனுக்கு டேப்லெட்டும் தேவைப்படவில்லை. யாரோ விட்டிருந்த வலையின் மிதவைக் கொடி ஒன்று எதிரே வந்தது. தெர்மக்கோல் கட்டையில் செருகிய மூங்கில் வடக்குப் பக்கம் சாய்ந்திருந்தது, அதன் தெற்கே கயிறு விறைப்பாக நீருக்குள் இறங்கியது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “வெள்ளம் வடக்க நல்லா இழுக்குது தம்பி. உன் மெஷினு இன்னா சொல்லுது?” என்றார். எண்ணைச் சொன்னேன். “அவ்ளோதான் இருக்கும்” என்று ஒத்துக்கொண்டார். செயலியில் ஆழத்தை மீட்டரிலிருந்து ஆறடிக் கணக்குக்குக் கேப்டன் மாற்றிக் கொடுத்ததும், ஆறடியை ஒரு பாகம் என்று எண்ணும் தமது கணக்கோடு அது பொருந்துவதைக் கண்டு அண்ணன் வரைபடத்தைத் தாமே விரலால் நகர்த்தத் தொடங்கினார். எந்த இடத்தில் சேறு, எந்த இடத்தில் கல் என்று அதில் இல்லாததைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

இல்லாதவை வேறும் இருந்தன. வலைகள் எந்த வரைபடத்திலும் இல்லை. கப்பல்கள் தாம் இருக்கும் இடத்தை வானொலியில் அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி வழியாகப் பெரிய கப்பல்கள் முக்கோணங்களாகத் திரையில் தெரிந்தன, ஆனால் எங்களைச் சுற்றியிருந்த ஃபைபர் படகுகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. பன்னாட்டுப் பயணம் போகும் கப்பல்களில் முந்நூறு மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு ஏஐஎஸ் கட்டாயம், இந்தச் சிறு படகுகளுக்கு அல்ல. கட்டாயமாக வைத்திருந்த கப்பல்கள் மட்டும் மோதாமல் இருந்துவிட்டனவா? 2017 ஜனவரி 28 அன்று அதிகாலையில் இதே காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு பெரிய கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணூர்க் கரையில் ஒதுங்கிய எண்ணெயை வாளிகளில் அள்ளியதை வடசென்னை மறக்கவில்லை. கரையோரத்தில் அரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுகளில் சில வரைபடத்தில் இருந்தன, சில இல்லை.

வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது குறித்துக் கேப்டன் கண்டிப்பானவர். மின்னணு வரைபடம், திரையில் நெரிசல் வேண்டாம் என்று, சிறிதாக்கிப் பார்க்கும்போது விவரங்களை ஒவ்வொன்றாக மறைத்துவிடுகிறது. 2014 நவம்பர் 29 அன்று, உலகத்தைச் சுற்றும் வால்வோ பந்தயத்தில் இருந்த டீம் வெஸ்டாஸ் விண்ட் என்ற படகு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்கடோஸ் கராஜோஸ் திட்டுகளில் இரவில் ஏறி உடைந்தது. ஒன்பது பேரும் பிழைத்தார்கள். படகில் வரைபடம் இல்லாமல் இல்லை. போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்கப்படாததால் திட்டு அவர்கள் கண்ணில் படவில்லை. ஆகவே போகவிருக்கும் பாதையை முந்தைய இரவே, கடைசி அளவுவரை பெரிதாக்கி, தொடக்கத்திலிருந்து முடிவுவரை விரலால் தள்ளிப் பார்த்துவிடுவது கேப்டனின் வழக்கம். எண்ணூருக்கு வெளியே உள்ள ஆழங்குறைந்த திட்டுகளை அவர் அப்படித்தான் குறித்து வைத்திருந்தார். அச்சிட்ட பழைய இந்திய வரைபடம் ஒன்றும் அவரிடம் உண்டு. அதில் ஜிபிஎஸ் எண்ணை அப்படியே குறிக்கக் கூடாது. 1802-இல் பரங்கிமலை அருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவையிலிருந்து பிறந்த, பூமியின் வடிவம் பற்றிய எவரெஸ்ட் கணக்கின்படி வரைந்தவை அந்தக் காலப் படங்கள். ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகளாவிய கணக்கு. இரண்டும் ஒரே புள்ளிக்கு வெவ்வேறு எண் கொடுக்கும். நம் ஊரில் தொடங்கிய அளவையே நம் ஊர்க் கரையில் பொருந்தாமல் போனதில் எனக்குச் சிறு வருத்தம்தான்.

காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, கப்பல்கள் நுழையும் வாய்க்காலுக்குள் போகாமல், திரும்பினோம். அதற்குள் கடற்காற்று எழுந்துவிட்டது. தென்கிழக்கிலிருந்து காற்று, எதிரே நீரோட்டம். வீட்டுக்குப் போகும் கோட்டை டேப்லெட் நேராக வரைந்து காட்டியது. பாய்மரப் படகு காற்றுக்கு நேரே போகாது என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல. அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, கரைக்கு இணையாகத் தெற்கே வைத்திருந்தோம், திசைகாட்டியும் அதையே சொன்னது, ஆனால் திரையில் படகின் முன்னே நீண்ட கோடு கரையை நோக்கிச் சாய்ந்திருந்தது. காற்று எங்களைப் பக்கவாட்டில் மேற்கே தள்ளிக்கொண்டிருந்தது. எதிர் நீரோட்டம் முன்னேற்றத்தைத் தின்றுவிட்டதால் அந்தத் தள்ளல் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. கண்ணுக்கு எல்லாம் சரியாக இருந்த அந்த நேரத்தில், எர்ணாவூர்க் கரைக் கற்களை நோக்கித்தான் போகிறோம் என்று எச்சரித்தது அந்த ஒரு கோடுதான். பாயை இடம் மாற்றிக் கிழக்கே திரும்பினோம். அப்போது துறைமுகத்தை அடைய எவ்வளவு நேரம் என்ற கட்டத்தில் எண் ஏறிக்கொண்டே போய், கடைசியில் வெறும் கோடுகளாகிவிட்டது. “இது நாளைக்கும் சேராது போல” என்று அண்ணன் சிரித்தார். ஆழமான நீரில் இழுப்பு குறைவாக இருக்குமா, கரையோரம் குறைவாக இருக்குமா என்று இரண்டு வேக எண்களையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, வளைந்து வளைந்து வந்து, காசிமேட்டுக்கு நேராக வந்த பிறகே பாயை இறக்கி இயந்திரத்தை இயக்கினோம்.

ஒரு செய்தியை இங்கே சொல்லிவிட வேண்டும். செயற்கைக்கோள் பார்த்து இடம் அறிவதற்கு இந்தியாவில் தடையில்லை. ஆனால் துராயா, இரிடியம் போன்ற செயற்கைக்கோள் தொலைபேசிகளையும், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் இன்ரீச் போன்ற கருவிகளையும் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டுப் பயணக் குறிப்புகளைப் படித்து வாங்கி வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் மீனவர்களுக்கு வேறு வழிகள் வந்துள்ளன: ககன் என்ற இந்தியச் செயற்கைக்கோள் அமைப்பின் சமிக்ஞை வழியே புயல் எச்சரிக்கையைக் கைபேசிக்குக் கொண்டுவரும் ஜெமினி கருவி 2019-இல் அறிமுகமானது, விசைப்படகுகளில் இஸ்ரோ உருவாக்கிய ட்ரான்ஸ்பாண்டர்கள் பொருத்தப்பட்டு வருகின்றன.

துறைமுகத்துக்குள் கயிற்றைக் கட்டிய பிறகு அண்ணன் தம் பழைய ஜிபிஎஸ் கைக்கருவியை எடுத்தார். வரும் வழியில், தம் வலை எப்போதும் சிக்கிக் கிழியும் இடம் இது என்று ஓர் இடத்தைக் காட்டியிருந்தார். கேப்டன் அதைக் குறித்து வைத்திருந்தார். அந்த எண் அண்ணனுக்கு வேண்டும். டேப்லெட் காட்டிய அட்சரேகை 13.2050. அண்ணனின் கருவி பாகை, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்று கேட்கும். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை அப்படியே நிமிடமாக, 20.50 என்று தட்டினால் குறி எட்டுக் கடல் மைல் வடக்கே போய்ப் பழவேற்காட்டுப் பக்கம் விழும். 0.2050-ஐ அறுபதால் பெருக்கிப் 13 பாகை 12.300 நிமிடம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் தட்டினார், பிறகு தீர்க்கரேகையையும் அதேபோல் போட்டார். சேமித்து முடித்ததும், “இந்த அறுபது கணக்கை ஒரு சீட்டுல எழுதிக் குடு தம்பி, போட்ல ஒட்டிக்கிறேன்” என்றார். எழுதிக் கொடுத்தேன்.