ஏறும் மீனுக்கு ஏணி, இறங்கும் குஞ்சுக்கு?

அமெரிக்காவின் போர்ட்லண்டில் குடியேறியதிலிருந்து, ஊரிலிருந்து யார் வந்தாலும் பானவில் அணைக்கு அழைத்துப் போவது எங்கள் வீட்டு வழக்கம். கொலம்பியா ஆற்றின் குறுக்கே 1930களில் கட்டிய அணை. சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும் மீன். அது அணையைத் தாண்ட, படிப்படியாக நீர் வழியும் மீன் ஏணி ஒன்று உண்டு. அதை ஒட்டிய கண்ணாடிச் சுவருக்கு அப்பால், கை நீளச் சால்மன்கள் நீரோட்டத்தை எதிர்த்து முண்டி ஏறுகின்றன. அவற்றை இனம்வாரியாக எண்ணிக் குறிக்கவும் ஆள் உண்டு. "மீனுக்குக்கூட என்ன ஏற்பாடு!" என்று வந்தவர்கள் வியப்பார்கள்.

ஆனால் பெரிய சிக்கல், கடலுக்கு இறங்கும் குஞ்சுகளுக்குத்தான். முன்பெல்லாம் பனி உருகிய வெள்ளமே அவற்றை அடித்துச் சென்றுவிடும். இப்போது ஆறு தேக்கம் தேக்கமாக நிற்கிறது. கோடையில் நீர் சூடேறுகிறது. குஞ்சு தின்னும் மீன்களும் பறவைகளும் காத்திருக்கின்றன. அவற்றுக்குத் தப்பினால் அணையில் மின்சாரம் எடுக்கும் டர்பைன். ஐடஹோ மாநிலத்தின் ரெட்ஃபிஷ் ஏரியில் பிறக்கும் சாக்கை என்னும் வகைச் சால்மன் எட்டு அணைகளைத் தாண்டியாக வேண்டும். 1991-இல் அதை அழியும் இனமாக அறிவித்தார்கள். மறு ஆண்டு ஏரிக்குத் திரும்பியது ஒரே ஒரு மீன். 'தனிமை லாரி' என்று அதற்குப் பெயர் வேறு!

அழியும் உயிரினங்களைக் காக்கும் 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூட்டரசின் எந்தச் செயலும் அப்படிப்பட்ட இனத்தின் பிழைப்பைக் கெடுக்கக்கூடாது. இந்த எட்டு அணைகளையும் நடத்துவது கூட்டரசே. அதனால் வழக்குக்குக் குறைவில்லை. போர்ட்லண்ட் நீதிபதி ஜேம்ஸ் ரெடன் அரசின் மீன்காப்புத் திட்டங்களைப் பலமுறை திருப்பியடித்தார். வசந்தத்தில் டர்பைனுக்குப் போகாமல் மதகு வழியே கூடுதல் நீர் விழுவது அந்த வழக்குகளின் பலன். அவ்வளவு மின்சாரம் குறையும்தான். மலிவான மின்கட்டணத்தை அனுபவிக்கும் நானும் இதில் முழு நியாயவான் இல்லை.

அணைக்கு அருகிலுள்ள கேஸ்கேட் லாக்ஸ் ஊரில், அமெரிக்க அரசோடு செய்த 1855 ஒப்பந்த உரிமையோடு பிடிக்கும் பழங்குடியினரிடம் ஐஸ் பெட்டியிலிருந்தே மீன் வாங்கலாம். எங்கள் குழம்புக்கு அங்கிருந்துதான். வாலுக்குச் சற்று முன்னால், முதுகின்மேல் விரல்நுனி அளவில் ஒரு சதைத் துடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பண்ணையில் பொரித்து ஆற்றில் விடும் குஞ்சுகளுக்கு, அடையாளத்துக்காகப் பெரும்பாலும் அதை நறுக்கிவிடுவார்கள். துடுப்பு முழுதாக உள்ள காட்டுச் சால்மனைத் தூண்டில்காரர்கள் பல இடங்களில் திரும்ப ஆற்றில் விட்டாக வேண்டும்.

அந்த எட்டில், கொலம்பியாவில் கலக்கும் ஸ்னேக் ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள நான்கு அணைகளை உடைப்பதா என்பதே இப்போதைய சண்டை. 2023 டிசம்பரில் அதற்கு வழி திறக்கும் உடன்பாடு வந்தது. 2025 ஜூனில் அரசு விலகியது. ஐடஹோவின் லூயிஸ்டன் ஊரிலிருந்து கோதுமை ஏற்றிப்போகும் படகுகளுக்குப் பதில் ரயிலும், மின்சாரத்துக்கு வேறு வழியும் தேடலாம். சாக்கைக்கு அந்த ஆற்றைவிட்டால் வேறு வழி கிடையாது. நான் உடைக்கும் கட்சி.